நிலவறை ஹோம் தியேட்டர்: ஸ்பீக்கர்களும் கருவிகளும் தேர்ந்தெடுப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவறையில் ஹோம் தியேட்டர் அமைக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன; ஒரு முறை விளக்கியதை மறுபடி விளக்காமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். அறையை முழுதாக அறிந்த பிறகே கருவிகளை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாப் பதில்களும் அந்தக் கருத்தின் மேல் நின்றே எழுதப்பட்டவை.

1. எங்கள் வீட்டு நிலவறை சும்மாதான் கிடக்கிறது. அங்கே ஹோம் தியேட்டர் வைத்தால் மேலே இருக்கும் அறையைவிட நன்றாக இருக்குமா?

சில வகைகளில் மிக நன்றாக இருக்கும். சன்னல் இல்லாததால் பகலிலும் முழு இருட்டு கிடைக்கும்; ப்ரொஜெக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. சுற்றிலும் மண் இருப்பதால் தெருச் சத்தம் உள்ளே வருவதும், உங்கள் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போவதும் வெகுவாகக் குறையும்.

ஆனால் கான்கிரீட் சுவரும் தரையும் ஒலியை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்புகின்றன. ஜிப்சம் பலகைச் சுவர் சற்றே அதிர்ந்து கொடுப்பதால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை உட்கொண்டுவிடும். கான்கிரீட் அப்படி அசைந்து கொடுப்பதில்லை. அத்துடன் கூரையின் தாழ்வும் தரையின் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றிலிருந்து பிறந்தவைதாம்.

2. கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் நான் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

முதலில் ஈரம். சுமார் அரை மீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் தாள்களைச் சுவரிலும் தரையிலும் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு உட்புறம், அதாவது கான்கிரீட்டைத் தொடும் பக்கம் நீர்த்துளி சேர்ந்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. அதைச் சரிசெய்யாமல் எதையும் வாங்க வேண்டாம். வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். அதைக் கையாளும் வழி 17ஆம் கேள்வியில் இருக்கிறது.

அடுத்ததாக அறையின் நீளம், அகலம், உயரம், தூண்களின் இடம், கூரையில் ஓடும் குழாய்கள், மின்செருகிகளின் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இருக்கைகள் எங்கே வரும் என்பதையும் அதிலேயே முடிவு செய்யுங்கள். ஸ்பீக்கர்களின் இடம் இருக்கையைப் பொறுத்தது. இருக்கையை முடிவு செய்யாமல் ஸ்பீக்கர் வாங்குபவர்கள் பிறகு இரண்டையும் நகர்த்திக்கொண்டே இருக்க நேரிடுகிறது.

3. 5.1, 7.1, 5.1.2, 7.1.4 என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, எனக்கு எது வேண்டும்?

முதல் எண் காதின் உயரத்தில் உங்களைச் சுற்றி நிற்கும் ஸ்பீக்கர்களையும், இரண்டாவது எண் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபரையும், மூன்றாவது எண் தலைக்கு மேலிருந்து ஒலிப்பவற்றையும் குறிக்கிறது. மூன்றாவது எண், 2012ஆம் ஆண்டு திரையரங்குகளிலும் 2014ஆம் ஆண்டு வீடுகளிலும் அறிமுகமான டால்பி அட்மாஸ் முறையோடு வந்தது.

இருக்கை பின்சுவரை ஒட்டியே அமையும் அறைக்கு 7.1 தேவையில்லை. பின்புற ஸ்பீக்கர் இரண்டும் கேட்பவர் திரையை நோக்கும் நேர்திசையிலிருந்து 135 முதல் 150 பாகைக் கோணத்தில் நிற்க வேண்டும். பின்னால் ஒரு மீட்டராவது இடம் இல்லாவிட்டால் அவை காதுக்குள் கத்துவதைத் தவிர வேறெதுவும் செய்யா. அப்படிப்பட்ட அறையில் 5.1 அமைப்பில் இரு சரவுண்ட் (பக்கவாட்டு) ஸ்பீக்கர்களையும் 110 முதல் 120 பாகையில் வைத்து, மிச்சப் பணத்தைக் கூரை ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்குவதே மேல். என் பரிந்துரை, பெரும்பாலான நிலவறைகளுக்கு 5.1.2 அல்லது 5.1.4.

4. பணம் அளவோடுதான் இருக்கிறது. எதில் அதிகம் போட வேண்டும்?

திரைக்கு அருகிலுள்ள மூன்று ஸ்பீக்கர்களிலும் சப்வூஃபரிலும் போடுங்கள். படத்தின் வசனம் பெரும்பாலும் நடுவிலுள்ள சென்டர் ஸ்பீக்கரிலிருந்தும், இசையும் இயக்கமும் இடது வலது ஸ்பீக்கர்களிலிருந்தும் வருகின்றன. இந்த மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாகனம் திரையின் குறுக்கே போகும்போது அதன் ஒலி நடுவழியில் நிறம் மாறும். சரவுண்ட், கூரை ஸ்பீக்கர்கள் அதே வரிசையின் சிறிய வடிவங்களாக இருந்தால் போதும்.

ஒரு பங்கை அறைக்காகக் கட்டாயம் எடுத்து வையுங்கள். தடிமனான தரைவிரிப்பும், பக்கச் சுவர்களில் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடங்களில் 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள ராக்வூல் (பாறை இழை) பலகைகளும் தரும் முன்னேற்றத்தை, கான்கிரீட் அறையில் எந்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரும் தராது. அந்த இடங்களைக் கண்டுபிடிப்பது எளிது: நீங்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்க, ஒருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும், எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பலகை வர வேண்டும்.

5. உயரமான டவர் ஸ்பீக்கர் வாங்குவதா, சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதுமா?

தரமான சப்வூஃபர் இருக்கும்போது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி முழுவதும் அதற்கே போய்விடும். டவர் ஸ்பீக்கரின் கூடுதல் விலையில் பெரும்பகுதி அந்தத் தாழ்ந்த ஒலிக்காகத் தரப்படுவது. ஆகவே ஒரே விலையில் இரண்டு கிடைத்தால் தரமான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரையே நான் தேர்ந்தெடுப்பேன். அறை பெரிதாக இருந்து, இருக்கை 4 மீட்டருக்கு அப்பால் இருந்து, நீங்கள் சத்தமாகவும் கேட்பவராக இருந்தால் டவருக்கு நியாயம் உண்டு.

6. வெடிச் சத்தமெல்லாம் பிரமாதமாக இருக்கிறது, வசனம்தான் புரியவில்லை. என்ன செய்யலாம்?

சென்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தாழ்வான மேசையின் உள்தட்டில், முழங்கால் உயரத்தில், முகப்பு உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தால் அதன் ஒலி மேசைப் பரப்பில் மோதிக் குழம்பும். முகப்பை மேசை விளிம்புக்குக் கொண்டு வந்து, முன்பக்கத்தைச் சற்றே உயர்த்திக் காதை நோக்கித் திருப்புங்கள். பிறகு எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ரிசீவரில் சென்டர் ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டிப் பாருங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் குற்றம் அறையின் எதிரொலியில் இருக்க வாய்ப்பு அதிகம். 4ஆம் பதிலில் சொன்ன பலகைகள்தாம் மருந்து.

படுக்கைவாட்டில் இரண்டு வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக் கூம்பு) நடுவே ஒரு ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கானது) வைத்த சென்டர் ஸ்பீக்கர்கள், நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு நன்றாகவும் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு மங்கலாகவும் கேட்கும். இரண்டு வூஃபரின் ஒலியும் ஓர இருக்கையை வெவ்வேறு நேரத்தில் வந்தடைந்து ஒன்றையொன்று குறைப்பதே காரணம். ப்ரொஜெக்டர் வைப்பவர்களுக்கு இதிலிருந்து தப்ப வழி உண்டு: ஒலி ஊடுருவும் நெய்த திரையை மாட்டி, அதன் பின்னால் ஒரே மாதிரியான மூன்று ஸ்பீக்கர்களை நிமிர்த்தி நிறுத்திவிடலாம். திரையரங்குகளில் செய்வது இதுவே.

7. ரிசீவர் எத்தனை வாட் இருக்க வேண்டும்?

வாட் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். அதனோடு ஸ்பீக்கரின் உணர்திறனையும் இருக்கையின் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 88 டெசிபல் உணர்திறன் உள்ள 8 ஓம் ஸ்பீக்கர், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபல் ஒலிக்கும். தூரம் இரட்டிக்கும்போது திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும் என்பதால் 4 மீட்டரில் அது 76 டெசிபல் ஆகிறது. திறன் இரட்டிக்கும்போது கூடுவது வெறும் 3 டெசிபல். 100 வாட் கொடுத்தால் 96, 200 வாட் கொடுத்தால் 99. மூடிய அறையில் எதிரொலி சேர்வதால் உண்மை நிலை இதைவிடச் சற்று மேலாக இருக்கும்.

இதே கணக்கில் 94 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால், முதல் ஸ்பீக்கருக்கு 400 வாட் கொடுத்ததற்குச் சமம். திரையரங்க அளவீட்டின்படி ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் எட்ட வேண்டும் என்பது குறிப்பளவு. வீட்டில் பெரும்பாலோர் அதைவிட 10 முதல் 20 டெசிபல் குறைவாகவே கேட்கிறார்கள் என்பதால் நடுத்தர ரிசீவர் ஒன்றே பெரும்பாலான அறைகளுக்குப் போதும்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை எப்படி அளந்தார்கள் என்றும் கவனியுங்கள். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களை ஒன்றாக இயக்கி, 0.1 விழுக்காட்டுக்கும் குறைந்த சிதைவில் அளந்த 80 வாட்டே, ஒரே ஒரு சேனலில் 1,000 ஹெர்ட்ஸில் 10 விழுக்காடு சிதைவோடு அளந்த 150 வாட்டைவிட நம்பத்தக்கது.

8. 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று மிகவும் பிடித்துவிட்டது. ரிசீவர் தாங்குமா?

ரிசீவரின் கையேட்டில் 4 ஓம் அனுமதிக்கப்பட்டிருந்தால், மிதமான சத்தத்தில் தாங்கும். 4 ஓம் ஸ்பீக்கர் அதே வால்யூமில் 8 ஓம் ஸ்பீக்கரைவிட இரு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் ரிசீவர் அதிகம் சூடாகும். மேலே 10 சென்டிமீட்டராவது காற்று போக இடம் விடுங்கள். மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். ரிசீவரின் அமைப்புப் பட்டியலில் 4 ஓம் என்று ஒரு தேர்வு இருந்தால், அதைத் தொடுவது பெரும்பாலும் வெளிவரும் திறனைக் குறைப்பதிலேயே முடியும். சத்தமாகக் கேட்பவர்கள் முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொள்வது நல்லது.

9. அப்படியென்றால் ரிசீவரில் வேறு எதைத்தான் பார்த்து வாங்குவது?

நான் முதலில் பார்ப்பது, அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் வசதி எவ்வளவு திறமையானது என்பதை. ஆடிஸி, டிராக் லைவ், யமஹாவின் ஒய்பாவ் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஒரே நிறுவனத்தின் மலிவான ரிசீவரிலும் மேல்நிலை ரிசீவரிலும் ஒரே பெயர் இருந்தாலும் சப்வூஃபரைத் திருத்தும் நுணுக்கம் வேறுபடும். அதற்கடுத்து, இரண்டு சப்வூஃபர்களைத் தனித்தனியே அமைக்க இரு வெளியீடுகள் உண்டா என்று பார்ப்பேன்; காரணம் 11ஆம் பதிலில் இருக்கிறது. மூன்றாவதாக, பின்னாளில் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்க உதவும் ப்ரீ-அவுட் வெளியீடுகள்.

எச்டிஎம்ஐ விஷயத்தில், படம் மட்டும் பார்ப்பவருக்கு 18 ஜிகாபிட் வேகம் போதும். நொடிக்கு 120 சட்டங்கள் ஓடும் 4கே விளையாட்டுகளுக்கு மட்டுமே எச்டிஎம்ஐ 2.1இன் உயர்வேகம் தேவைப்படுகிறது.

10. சப்வூஃபர் எத்தனை அங்குலம் வாங்கலாம்? மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா?

துளை வைத்த பெட்டி, அது ஒத்ததிரும் அதிர்வெண்ணை ஒட்டி அதிகச் சத்தம் தரும். ஆனால் அதற்குக் கீழே எட்டகத்துக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் என்ற வேகத்தில் சரியும். மூடிய பெட்டி எட்டகத்துக்கு 12 டெசிபல் என்று மெதுவாகச் சரியும். மூடிய சிறு அறையில், அறையின் மிகத் தாழ்ந்த நிலை அலைக்கும் (விளக்கம் 11ஆம் பதிலில்) கீழே, காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அழுத்தப்படுவதால் ஒலி தானாகவே உயரத் தொடங்கும். கான்கிரீட் சுவர்கள் அந்த அழுத்தத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால் நிலவறையில் இந்த ஆதாயம் கூடுதலாகக் கிடைக்கும். மூடிய பெட்டியின் மெதுவான சரிவும் அறையின் உயர்வும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

எனவே கதவு உள்ள, 40 கன மீட்டருக்குள் அடங்கும் அறைக்கு 12 அங்குல மூடிய பெட்டி இரண்டு என்பது என் தேர்வு. அறை பெரிதாகவோ படிக்கட்டு வழியே மேலே திறந்தோ இருந்தால் துளை வைத்த பெட்டியே கைகொடுக்கும்.

11. நடு இருக்கையில் பேஸ் கேட்கவே இல்லை. பின்சுவர் ஓரம் போனால் நெஞ்சை அடைக்கிறது. சப்வூஃபர் பழுதா?

பழுதில்லை. அறையின் இரு எதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி போய்த் திரும்பி நிலை அலையாக நிற்பதால் வரும் விளைவு இது. கான்கிரீட் அறையில் மிக வன்மையாகத் தெரியும். கணக்கு எளிது: ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அறையின் நீளத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலை அலையின் அதிர்வெண் கிடைக்கும். 6 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 29 ஹெர்ட்ஸ், 4 மீட்டர் அகலத்துக்கு 43 ஹெர்ட்ஸ், 2.2 மீட்டர் உயரத்துக்கு 78 ஹெர்ட்ஸ். இந்த முதல் அலைகளின் அழுத்தம் சுவர்களில் உச்சமாகவும் சரிநடுவில் ஏறக்குறைய சுழியாகவும் இருக்கும். அறையின் சரிநடுவில் உட்கார்ந்தவருக்கு அந்த அதிர்வெண் கேட்காது. சுவரில் சாய்ந்திருப்பவருக்கு அளவுக்கு மீறிக் கேட்கும். ஆகவே செலவில்லாத முதல் வைத்தியம், இருக்கையைச் சரிநடுவிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் விலக்குவது.

இரண்டாவது வைத்தியம் சப்வூஃபரின் இடத்தை மாற்றுவது. இருக்கை இருக்கும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பகுதியை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செவிமடுங்கள். எங்கே ஒலி சீராகவும் இறுக்கமாகவும் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு ஒன்றுதான் என்பதால் இந்த முறை செல்லுபடியாகிறது.

மூன்றாவதும் மிகச் சிறந்ததும் இரண்டு சப்வூஃபர்கள். முன்சுவரின் நடுவில் ஒன்றும் பின்சுவரின் நடுவில் ஒன்றும் வைத்து இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால், நீளவாட்டில் உள்ள முதல் நிலை அலையை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும். அகலவாட்டில் இரண்டும் நடுவில், அதாவது அழுத்தம் சுழியான கோட்டில் நிற்பதால் அந்தத் திசையின் முதல் அலை எழும்பவே எழும்பாது. ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்ட்டி 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் நான்கு சுவர்களின் நடுவிலும் நான்கு சப்வூஃபர் வைப்பதைச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்றாகவும், எதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைப்பதை அதற்கு நெருங்கிய ஏற்பாடாகவும் காட்டியது. பெரிய சப்வூஃபர் ஒன்றைவிட நடுத்தரமானவை இரண்டு மேல் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

12. அதைத்தான் ரிசீவரே தானாகத் திருத்திவிடும் என்கிறார்களே?

மிகுந்து ஒலிப்பதைக் குறைக்க அதனால் முடியும். மறைந்துபோன ஒலியை மீட்க முடியாது. ஒலி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் சப்வூஃபரை எவ்வளவு கூட்டினாலும் அழிக்கும் அலையும் சேர்ந்தே கூடும். ஆம்ப்ளிஃபயரின் திறன் வீணாவதுதான் மிச்சம். முதலில் இடம், பிறகு திருத்தம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

13. எங்கள் நிலவறைக் கூரை 2.2 மீட்டர்தான். அட்மாஸ் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்களை வாங்காதீர்கள். அவற்றுக்குத் தட்டையான, கெட்டியான, கொஞ்சம் உயரமான கூரை வேண்டும். குழாய்களும் விட்டங்களும் ஓடும் கூரையில் ஒலி சிதறும். தொங்கவிடப்பட்ட ஒலியுறிஞ்சும் ஓடுகளில் ஒலி உள்ளேயே போய்விடும்.

கூரையிலேயே பொருத்தும் ஸ்பீக்கர்களைத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்; மேலே எஞ்சுவது 1.2 மீட்டர். 45 பாகைக் கோணம் கிடைக்க, முன் இணையை இருக்கைக்கு 1.2 மீட்டர் முன்பும் பின் இணையை 1.2 மீட்டர் பின்பும் வைக்க வேண்டும். ஸ்பீக்கர் இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால் ஒலியை அகலமாகப் பரப்பும் வகையாக இருப்பது மிக முக்கியம். அதே காரணத்தால் சரவுண்ட் ஸ்பீக்கர்களைச் சுவரில் உயர ஏற்றிவிடாமல் காதின் உயரத்துக்குச் சற்றே மேலாக நிறுத்துங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் சேர்ந்துவிட்டால் ஒலி மேலிருந்து வருகிறது என்ற உணர்வே போய்விடும்.

14. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் பதிக்கும் ஸ்பீக்கர்களின் தரம் குறைவு என்கிறார்கள். உண்மையா?

நல்ல வகைகளில் அப்படி இல்லை. சுவரை ஒட்டி நிற்கும் பெட்டி ஸ்பீக்கரில் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சில அதிர்வெண்களைக் குறைத்துவிடும். சுவருக்குள் பதிந்த ஸ்பீக்கரில் அந்தச் சிக்கல் எழுவதில்லை. பின்புறம் மூடிய உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கூரையில் வெட்டும் ஒவ்வொரு துளையும் மேல்தளத்துக்கு ஒலி ஏறும் வழி என்பதால் அங்கே அந்த உறை கட்டாயம் வேண்டும்.

15. மேலே குழந்தைகள் தூங்குகிறார்கள். கூரை முழுக்க நுரைப் பலகை ஒட்டினால் சத்தம் போகாதுதானே?

போகும். நுரைப் பலகை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். ஒலி ஊடுருவுவதைத் தடுக்காது. ஒலியைத் தடுக்கக் கனமும், காற்றுப் புகாத அடைப்பும், கட்டடத்தோடு நேரடித் தொடர்பில்லாத பொருத்தமும் வேண்டும். மேல்தளம் மரச் சட்டங்களால் ஆனதென்றால், சட்டங்களுக்கிடையே ராக்வூல் நிரப்பி, அதிர்வைத் தாங்கும் ரப்பர் பிடிகளில் இரட்டை ஜிப்சம் பலகையைத் தொங்கவிடுவதே உண்மையான தீர்வு. கதவின் அடியிலுள்ள இடைவெளியையும் காற்றுக் குழாயையும் மறந்தால் இத்தனை செலவும் வீண்.

இந்த வேலையைப் பின்னால் செய்வது மிகக் கடினம். ஸ்பீக்கரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், கூரையை மாற்ற முடியாது என்பதால், கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கூரைக்கே முதலிடம் கொடுங்கள்.

16. ஸ்பீக்கர் கம்பிக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

சரியான தடிப்பில் தூய செம்புக் கம்பி போதும். கம்பியின் மின்தடை, போகவும் வரவுமாகச் சேர்த்து, ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 15 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் தடை சுமார் 0.34 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு எல்லையான 0.4 ஓமுக்குள் அடங்கிவிடுகிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு எல்லை 0.2 ஓம் என்பதால் 4 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பிக்குத் தடை அதிகம், தவிர்த்துவிடுங்கள்.

சுவருக்குள் ஓடும் கம்பி தீப்பரவலைத் தடுக்கும் தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சுவரை மூடுவதற்கு முன் வெற்றுக் குழாய் ஒன்றைப் ப்ரொஜெக்டர் வரை ஓட்டிவைத்தால், பின்னாளில் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றுவது எளிதாகும். நீண்ட தூரத்துக்கு ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளே நம்பகமானது. அதற்குத் திசை உண்டு என்பதால் எந்த முனை ப்ரொஜெக்டருக்கு உரியது என்று பார்த்துச் செருகுங்கள்.

17. நிலவறை ஈரத்தில் ஸ்பீக்கர் கெட்டுப்போகுமா?

காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். காகிதக் கூம்புகள் ஈரத்தை ஏற்கும். இணைப்பு முனைகளில் களிம்பேறும். ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்க ஈரம் நீக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள். அது இரைச்சல் போடும் என்பதால் படம் ஓடாத நேரத்தில் இயங்கட்டும். கூம்பின் விளிம்பு நுரையால் ஆன ஸ்பீக்கரைவிட ரப்பரால் ஆனது இந்தச் சூழலில் நீண்ட நாள் உழைக்கும்.

ஒலியுறிஞ்சும் பலகைகளை வெறும் கான்கிரீட்டோடு ஒட்டாமல் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டுங்கள். குளிர்ந்த சுவரில் நீர் கோத்தாலும் பின்னால் காற்றோட்டம் இருக்கும், தாழ்ந்த ஒலியை உறிஞ்சும் திறனும் கூடும். ரிசீவரும் ஆம்ப்ளிஃபயரும் தரையில் நேராக நிற்கக் கூடாது. நிலவறைக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது தரையில் இருப்பவைதாம்.

18. சப்வூஃபர் எந்நேரமும் ‘ம்ம்’ என்று ரீங்காரம் போடுகிறது. ஏன்?

கருவிகள் வெவ்வேறு இடங்களில் புவித்தொடர்பு பெற்று, அவற்றுக்கிடையே கேபிள் வழியாக மின்னோட்டம் சுற்றுவது வழக்கமான காரணம். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்சுற்றில் இணைத்துப் பாருங்கள். பிறகு கேபிள் டிவி இணைப்பு உட்பட ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் ரீங்காரம் நிற்கிறதோ அங்கே அதற்குரிய தனிமைப்படுத்தும் கருவியைப் பொருத்தலாம். மின்செருகியின் புவித்தொடர்பு முனையை வெட்டுவதோ மறைப்பதோ உயிருக்கு ஆபத்து. ஈரமான கான்கிரீட் தரையில் நின்றுகொண்டு ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள்.

19. பேஸ் கேட்கிறது, ஆனால் உடம்பில் உணர முடியவில்லை. இன்னும் பெரிய சப்வூஃபர் வேண்டுமா?

மரத்தளம் அதிர்ந்து இருக்கைக்கு அதிர்வைக் கடத்தும். மண்ணின் மேல் படுத்திருக்கும் கான்கிரீட் தளம் அசையாது. நீங்கள் இழந்திருப்பது ஒலியை அன்று, தளத்தின் அதிர்வை. இருக்கைகளை மரச்சட்டத்தாலான மேடையில் வைத்து, ஒலிக்கேற்ப அதிரும் சிறு கருவிகளை மேடையின் அடியிலோ இருக்கையின் சட்டத்திலோ பொருத்தினால் அந்த உணர்வு திரும்பும். அவற்றுக்குச் சிறிய ஆம்ப்ளிஃபயர் போதும். மேல்தளத்துக்குப் போகும் சத்தமும் அதிகரிக்காது. மேடை எழுப்பும்போது தலைக்கு மேல் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை 13ஆம் பதிலின் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

20. டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் ரிசீவருக்குக் கொடுத்திருக்கிறேன். அட்மாஸ் என்ற எழுத்தே வரவில்லை.

ஆப்டிகல் கேபிள் சுருக்கிய 5.1 ஒலியை மட்டுமே கடத்தும். டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐயின் ஏஆர்சி இணைப்பு, இணையத் திரைச் சேவைகள் அனுப்பும் சுருக்கிய அட்மாஸைக் கடத்தும். புளூரே தட்டில் உள்ள முழுத்தர ட்ரூஎச்டி ஒலிக்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். அல்லது பிளேயரை நேரே ரிசீவரில் செருகிவிடுங்கள். நான் பரிந்துரைப்பது பின்னதை.

21. தானியங்கி அளவீட்டை ஓட்டினேன். சப்வூஃபர் 3 மீட்டரில் இருக்கிறது, ரிசீவர் 5 மீட்டர் என்கிறது. திருத்திவிடட்டுமா?

திருத்த வேண்டாம். ரிசீவர் அளப்பது ஒலி வந்துசேரும் நேரத்தை. அதையே தூரமாக மாற்றிக் காட்டுகிறது. சப்வூஃபருக்குள் இருக்கும் வடிகட்டிகள் ஒலியைச் சில மில்லிநொடி தாமதப்படுத்துகின்றன. 1 மில்லிநொடி என்பது 34 சென்டிமீட்டருக்குச் சமம். அந்தத் தாமதத்தையும் ஈடுசெய்யத்தான் பெரிய எண் வந்திருக்கிறது.

திருத்த வேண்டியது வேறொன்று. பல ரிசீவர்கள் முன்பக்க ஸ்பீக்கர்களைப் ‘பெரியவை’ என்று குறித்துவிடுகின்றன. அவற்றைச் ‘சிறியவை’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது தாழ்ந்த ஒலி சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். மிகச் சிறிய கூரை ஸ்பீக்கர்களுக்கு 100 அல்லது 120 கூடப் பொருந்தும்.

22. எங்கள் நிலவறை ‘ட’ வடிவம். ஒரு பக்கம் சுவரே இல்லை, படிக்கட்டும் திறந்திருக்கிறது. இதற்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாதா?

பெரும்பகுதி பொருந்தும். இடது பக்கம் சுவரும் வலது பக்கம் வெளியும் இருந்தால் இரு முன் ஸ்பீக்கர்களும் வெவ்வேறாக ஒலிக்கும். சுவருள்ள பக்கத்தில் தடித்த ஒலியுறிஞ்சும் பலகையை வைத்து அதையும் திறந்த வெளியைப் போல ஆக்குவதே சமன் செய்யும் வழி. சுவரில்லாத பக்கத்துச் சரவுண்ட் ஸ்பீக்கரைத் தாங்கியில் நிறுத்தலாம், அல்லது கூரையிலிருந்து குழாய் வைத்து இறக்கலாம். தூரம் சற்று மாறினாலும் ரிசீவர் அதை ஈடுசெய்யும். கோணம் மாறினால் ஈடுசெய்யாது என்பதால் கோணத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பேஸில்தான் கணக்கு மாறுகிறது. சப்வூஃபர் அழுத்த வேண்டியது இருக்கைகள் உள்ள பகுதியை மட்டுமன்று, திறந்து கிடக்கும் முழு வெளியையும். 10ஆம் பதிலில் சொன்ன அறையின் ஆதாயம் இங்கே கிடைக்காது. துளை வைத்த பெட்டிகளுக்கே போக வேண்டும். 11ஆம் பதிலின் எளிய வகுத்தலும் ‘ட’ வடிவத்துக்குப் பொருந்தாது என்பதால், அளவிடும் மைக் ஒன்றைக் கணினியில் இணைத்து, ஒவ்வோர் இருக்கையிலும் 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை அளந்து சப்வூஃபர்களை நகர்த்திப் பாருங்கள். படிக்கட்டின் அடியில் ஒரு கனமான கதவு வைக்க இடமிருந்தால், அளக்கத் தொடங்குவதற்கு முன்பே அதை வைத்துவிடுங்கள். கதவு வந்த பிறகு அளவுகள் எல்லாம் மாறிவிடும்.